மூடியைத் திறக்கும் முன் ஒரு கேள்வி

கீபோர்டைத் தலைகீழாகப் பிடித்து மேஜையில் ரெண்டு தட்டு தட்டிச்சு அந்தம்மா. அரை முறுக்கு, நாலு கடுகு, காய்ந்த கறிவேப்பிலை ஒன்று விழுந்தன. எதிரில் நின்றவர் பள்ளிக்கூட வாத்தியார். செத்த நேரத்துக்கு முன்னால்தான், "கம்ப்யூட்டர் பக்கத்துல நான் பச்சத்தண்ணிகூட வைக்கிறதில்ல" என்று நெஞ்சில் கைவைத்துச் சொல்லியிருந்தார். அந்தம்மா கடுகுகளை ஒரு விரலால் வரிசையாக ஒதுக்கிக்கொண்டே கேட்டுச்சு:

"தாளிச்சது யாரு சார்? கம்ப்யூட்டரா?"

பெஞ்சில் காத்திருந்த நாங்கள் அத்தனை பேரும் சிரித்தோம். வாத்தியார் எங்களைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையின் அர்த்தம், "உங்க முறையும் வரும்லே" என்பதுதான். வந்தது.

வில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், தையல் கடை மாடியில் ஒற்றை அறை. வாசலில் சின்ன போர்டு: கம்ப்யூட்டர் விற்பனை, பழுது, ஆலோசனை. விற்பனை பெயருக்குத்தான். பழுது பார்ப்பதும் பாதிதான். மிச்சமெல்லாம் ஆலோசனை. அந்தம்மாவுக்கு அப்போது நாற்பத்தைந்து இருக்கும். ஹேர்பின் மாதிரி திருப்புளியைக் கொண்டையில் செருகி வைத்திருக்கும். ஸ்க்ரூ கழற்ற வேண்டிய நேரம் வந்தால் கை தானாகப் பின்னந்தலைக்குப் போகும். அதற்கு முன்னால் வாய்தான் வேலை செய்யும்.

"கடைசியா என்ன செஞ்சீக?"

எந்தப் பெட்டியைக் கொண்டுபோய் வைத்தாலும் இதுதான் முதல் கேள்வி. "ஒண்ணும் செய்யலம்மா, தானா நின்னுபோச்சு" என்றால் அந்தம்மா பெட்டியைத் தொடாது. ஒரு நோட்டை எடுக்கும். பக்கத்தின் நடுவில் கோடு கிழித்திருக்கும். இடது பக்கம், வந்த ஆள் சொன்னது. வலது பக்கம், மூடியைத் திறந்ததும் அந்தம்மா கண்டது. ரெண்டும் ஒத்துப்போன பக்கம் எத்தனை என்று ஒருநாள் கேட்டேன்.

"நோட்டு புதுசு அண்ணாச்சி. இப்பத்தான ஆரம்பிச்சிருக்கேன்."

அட்டை பிய்ந்து, தைத்த நூல் வெளியே தொங்கிக்கொண்டிருந்த நோட்டு அது.

நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் உள்ள உறவு முடிந்தது. ராசபாளையத்தில் ரெண்டு தறியில் ஆரம்பித்துப் பதினெட்டுத் தறியில் பேண்டேஜ் துணி நெய்கிறேன். கப்பலேறிப் போகிறது என் துணி. என் துணி கட்டாத காயம் கடலுக்கு அந்தப் பக்கமும் கிடையாது. தறி மோட்டாருக்கு நோவு என்றால், வாசலில் செருப்பைக் கழற்றும்போதே சத்தத்தை வைத்துச் சொல்லிவிடுவேன். இஞ்சினியருக்குப் படித்தவர்கள் என்னிடம் வந்து கைகட்டிக் கேட்டுக்கொண்டு போயிருக்கிறார்கள். இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை, உள்ளதைச் சொல்கிறேன். அப்பேர்ப்பட்ட என்னை ஒரு பொம்பளை, ஒரு கேள்வியை வைத்துக்கொண்டு நாலு வருஷம் ஆட்டி வைத்தாள்.

அந்தம்மா கத்தோலிக்கம், நாங்கள் புராட்டஸ்டன்ட். ஒருநாள் சொல்லியே விட்டேன்: "ஏம்மா, எங்க சபையில இந்தப் பாவசங்கீர்த்தனம் எல்லாம் கெடையாது. நாங்க நேரா ஆண்டவர்கிட்ட பேசிக்கிடுவோம்."

"தாராளமா பேசுங்க அண்ணாச்சி. அவரு மன்னிச்சிருவாரு. மதர்போர்டு மன்னிக்காது."

பெஞ்சில் ஒரே சிரிப்பு. அவர்கள் கோயிலிலாவது பாவத்தைச் சொல்கிற இடத்தில் ஒரு மறைப்பு இருக்கும். இங்கே மறைப்பும் இல்லை, மெல்லப் பேசுகிற பழக்கமும் இல்லை. ஒருத்தன் பாவத்தை ஒரு பெஞ்சே கேட்கும். சுந்தரபாண்டியத்திலிருந்து வந்த பெரியவர் ஒருவர், என்னவோ ஒரு படத்தைத் தொட்டேன், அதோடு பெட்டி செத்துப்போச்சு என்று முனகினார். முகம் வியர்த்துவிட்டது. அந்தம்மா நிமிரவே இல்லை. "என்ன பாத்தீகன்னு நான் கேக்கல. எதை அமுக்குனீகன்னுதான் கேக்கேன்" என்று எழுதிக்கொண்டே சொல்லிச்சு. அதைக் கொஞ்சம் மெதுவாகச் சொல்லியிருக்கலாம்.

பழுதுக்குத்தான் இந்த விசாரணை என்றில்லை. புதுசு வாங்கப் போனாலும் உண்டு. சேத்தூர்க்காரர் ஒருவர், சிமெண்டு கடை வைத்திருப்பவர், ஐ செவன் பிராசசர் போட்ட பெட்டி ஒன்று வேண்டும் என்று வந்து உட்கார்ந்தார்.

"என்ன வேலைக்கு?"

"எல்லா வேலைக்கும்தான்."

"எல்லா வேலைன்னா?"

"லெட்டர் அடிக்க. மெயில் பாக்க."

"பொறவு?"

"பொறவு என்ன... பொழுது போகலைன்னா சீட்டு ஆடுவேன்."

"மச்சினன் வீட்ல என்ன இருக்கு?"

சேத்தூர்க்காரர் திடுக்கிட்டுப்போனார். "ஐ ஃபைவ்" என்றார்.

"அப்பிடிச் சொல்லுங்க. உங்களுக்கு ஐ திரீ போதும். எதுல ஆடினாலும் சீட்டு அம்பத்திரண்டுதான். மிச்சத்துக்கு நல்ல யு.பி.எஸ். ஒண்ணு வாங்குங்க. உங்க ஊருக் கரண்டு எனக்குத் தெரியும்."

இப்படி ஒரு யாவாரம் உண்டா? ஒரு பெரிய பெட்டியை விற்றுவிட்டுச் சும்மா இருக்கவேண்டியதுதானே! அவரும் ரோஷக்காரர். வேறு இடத்தில் ஐ செவனே வாங்கிவிட்டார். ஆறே மாதத்தில் அந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மாடியேறினார். மாட்டு வண்டி மாதிரி ஓடுகிறதாம். கடைசியாக என்ன செய்தார்? வைரஸ் பயத்தில் நாலு ஆன்டி வைரஸ் போட்டிருந்தார்.

"நாலு ராசபாளையம் நாய ஒரே வாசல்ல கட்டிப்போட்டா திருடன எது பிடிக்கும்? ஒண்ணையொண்ணு கடிச்சுக்கிட்டுல்லா கெடக்கும்" என்று சொல்லி மூன்றை நீக்கிச்சு. பெட்டி பறந்தது. சேத்தூர்க்காரர் முகத்தில்தான் உயிர் இல்லை.

பழைய பெட்டியைத் தள்ளிவிட்டுப் புதுசு வாங்கட்டுமா என்று யார் கேட்டாலும் வேண்டாம் என்றே சொல்லும். ஹார்டு டிஸ்க்கைக் கழற்றிவிட்டு எஸ்.எஸ்.டி. போடுங்க, மெமரியை எட்டு ஜி.பி. ஆக்குங்க, நாலு வருஷம் ஓடும். நானும் கேட்டுப் பார்த்தேன். "தறில பெல்ட்டு அறுந்தா தறியவா மாத்துவீக?" என்று கேட்டுச்சு. நான் பேசாமல் டிஸ்க்கை மாற்றினேன். லேபிள் அடிக்கிற பிள்ளை, பழைய பெட்டி புதுசு மாதிரி ஓடுது மொதலாளி என்று சந்தோஷப்பட்டாள். அப்போதே அந்தம்மா இன்னொன்றும் சொல்லிச்சு: டிஸ்க்கில் உள்ளதை எல்லாம் வேறொரு டிஸ்க்கில் நகல் எடுத்து வீட்டில் வையுங்கள் என்று. ஒரு வீட்டுக்கு ரெண்டு அடுப்பா என்று விட்டுவிட்டேன்.

லேபிள் அடிக்கிற பிள்ளை என்றேனே, அவள் பெயர் முத்துமாரி. முப்பது வயது, ரெண்டு பிள்ளைக்காரி, சோழபுரத்திலிருந்து பஸ்ஸில் வருவாள். புருஷன் லோடு ஆட்டோ ஓட்டுகிறான். அவன் அவளை வேலைக்கு அனுப்பியதே அரைமனதோடுதான். பேண்டேஜ் பெட்டி ஒவ்வொன்றிலும் பேட்ச் நம்பரும், கிருமி நீக்கின தேதியும் லேபிளாக ஒட்ட வேண்டும். அது இல்லாத பெட்டியை எந்த ஆஸ்பத்திரியும் வாசலுக்குள் விடாது. அந்த வரிசை முழுக்க அவளுக்குத் தண்ணி பட்ட பாடு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஆராதனை முடிந்து நேரே தறிக்கூடத்துக்குப் போனேன். ஆபீஸ் கம்ப்யூட்டர் நாலைந்து நாளாக இரைந்துகொண்டிருந்தது. எனக்கா தெரியாது அந்தச் சத்தம்? பஞ்சு அடைத்த சத்தம். பக்கத்து மூடியைக் கழற்றினேன். உள்ளே ஆட்டுக்குட்டி படுத்திருப்பது மாதிரி பஞ்சு. தறியில் பஞ்சு சேர்ந்தால் நாங்கள் என்ன செய்வோம்? கம்ப்ரசர் குழாயை இழுத்து ஏர் அடிப்போம். அதைத்தான் செய்தேன். உள்ளேயிருந்த ஃபேன் அந்தக் காற்றுக்கு விசிலடித்துக்கொண்டு சுற்றியது. பஞ்செல்லாம் பறந்து, உள்ளே கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது. இதுக்குப்போய் வில்லிபுத்தூருக்கு ஓடுதானுகளே என்று சிரித்துக்கொண்டே சுவிட்சை அமுக்கினேன். எந்திரிக்கவில்லை. மூடியை மாட்டிவிட்டு வீட்டுக்குப் போய்க் கறிச்சோறு சாப்பிட்டேன்.

திங்கட்கிழமை காலை முத்துமாரி சுவிட்சைப் போட்டாள். பெட்டி செத்துக் கிடந்தது. அன்று சாயந்திரம் எண்ணூறு பெட்டி பேண்டேஜ் லோடு தூத்துக்குடிக்குப் போக வேண்டும், கப்பல் காத்திருக்காது. நான் உள்ளே வந்ததும், "மொதலாளி, எந்திரிக்க மாட்டேங்குது" என்றாள். என் வாய் எனக்கு முன்னால் பேசிவிட்டது.

"என்னட்டி பண்ணி வச்ச?"

"நான் ஒண்ணும் பண்ணல மொதலாளி. சனிக்கெழம ஒழுங்கா அமத்திட்டுத்தான் போனேன்."

தறி எல்லாம் நின்றது. எல்லாரும் பார்த்தார்கள். வாயிலிருந்து விழுந்த சொல்லை, அத்தனை பேர் பார்க்க எப்படி எடுத்து விழுங்குவது? அதற்கு மேலும் போய்விட்டேன். நாளையிலிருந்து வராதே என்றேன். அதோடு விட்டேனா? அவள் புருஷனுக்குப் போன் போட்டு, உம் பொண்டாட்டி செஞ்ச காரியத்துக்கு என் கப்பலே போகப்போகுது என்றேன். அவன் மன்னிப்புக் கேட்டான். இனிமே அவள வேலைக்கு அனுப்பல மொதலாளி என்றான்.

காரை எடுத்துக்கொண்டு வில்லிபுத்தூர் போனேன். அந்தம்மா எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு பழைய பெட்டியையும் டிக்கியில் ஏற்றிக்கொண்டு வந்துச்சு. ஆபீசுக்குள் நுழைந்ததும் நோட்டை எடுத்துச்சு.

"கடைசியா என்ன செஞ்சீக அண்ணாச்சி?"

"நான் அத தொடுறதே இல்ல. அவளக் கேளு."

முத்துமாரி சுவரோரம் நின்றிருந்தாள். சனிக்கிழமை ஃபைலைச் சேவ் பண்ணி, அமத்தி, மெயின் சுவிட்சையும் அணைத்துவிட்டுப் போனதை ஒவ்வொன்றாகச் சொன்னாள். அந்தம்மா எழுதிக்கொண்டுச்சு. பிறகு கை கொண்டைக்குப் போனது. மூடியைத் திறந்து உள்ளே பார்த்துச்சு. மேஜைமேல் விரலை வைத்து ஒரு கோடு இழுத்துச்சு. விரல் நுனியில் பஞ்சு. ஜன்னலில் இழுத்துச்சு. பஞ்சு. பெட்டிக்குள் இழுத்துச்சு. விரல் சுத்தம்.

"ஊரெல்லாம் பஞ்சு. இது மட்டும் குளிச்சு முழுகி நிக்கே?"

தறி ஓட்டுகிற பொம்பளை ஒருத்தி எட்டிப் பார்த்தாள். சும்மா இருந்திருக்கலாம்.

"இது ஏர் அடிச்ச தறி மாதிரில்லா இருக்கு!"

கம்ப்ரசர் ரூம் சாவி என் இடுப்பில்தான் தொங்கும். அது தறிக்கூடத்தில் அத்தனை பேருக்கும் தெரியும். அத்தனை கண்ணும் என் இடுப்புக்கு வந்தது.

அந்தம்மா டிஸ்க்கைக் கழற்றி எடுத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்துச்சு. கைக்குள் அடங்குகிற சாமான். அதற்குள்தான் என் லேபிள், என் பேட்ச் வரிசை எல்லாம்.

"இந்தா, அந்தப் பழைய பெட்டியில இத மாட்டி லேபிள ஓட்டிரும்மா, லாரி வந்துரும்" என்றேன்.

"மாட்டலாம். ஈரத்தோட மாட்டினா இதும் போயிரும். ஏர் அடிச்சா தண்ணியும் சேந்துல்லா வரும். எந்தப் பக்கமிருந்து அடிச்சாக, எம்புட்டு நேரம் அடிச்சாக, பொறவு சுவிட்ச எத்தன தடவ போட்டாக, எனக்குத் தெரியணும். அடிச்சவுக சொல்லட்டும். எனக்குக் கடைசி பஸ் வரைக்கும் நேரம் இருக்கு."

"அந்தப் பிள்ளைய வெளிய போகச் சொல்லு. சொல்லுதேன்."

"அவ இருக்கட்டும்."

மதுரையில் பெரிய பெரிய ஆபீசர்கள் முன்னால் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தவன் நான். அன்றைக்கு என் தறிக்கூடத்திலேயே எனக்கு உட்கார இடம் தெரியவில்லை.

"நான்தான் அடிச்சேன்."

"எம்புட்டு நேரம்?"

"செத்த நேரம்."

"செத்த நேரம்னா?"

"ஒரு கீர்த்தனை பாடுற நேரம்."

"பல்லவி மட்டுமா, சரணமுமா?"

"...மூணு சரணமும்."

"சுவிட்ச எத்தன தடவ போட்டீக?"

"ஒரு தடவ."

அந்தம்மா என்னையே பார்த்துக்கொண்டு இருந்துச்சு. பேனா எழுதவில்லை.

"ஏழெட்டு இருக்கும்" என்றேன்.

"கம்ப்ரசர் டாங்கில தேங்குன தண்ணிய எறக்கி எத்தன நாளாச்சு?"

"மழைக்கு முந்தி எறக்குனது" என்று எனக்குப் பதிலாக அந்தத் தறிக்காரியே சொன்னாள். சம்பளம் கொடுப்பது நான்.

அந்தம்மா நோட்டை மூடிச்சு. என் பேண்டேஜ் துணியிலேயே ஒரு முழம் கிழித்து, ஸ்பிரிட்டில் நனைத்து, டிஸ்க்கின் இணைப்புப் பல்லை ஒவ்வொன்றாகத் துடைத்துக் காயவைத்துச்சு. காயத்துக்கு மருந்து போடுவதைவிட மெதுவாக. நான் லாரிக்காரனிடம் ரெண்டு தடவை பொய் சொன்னேன். கடைசியில் பழைய பெட்டியில் மாட்டி உயிர் கொடுத்தபோது, திரையில் லேபிள் வந்து நின்றது. எனக்குப் பழைய குரலும் திரும்ப வந்துவிட்டது.

"ஏட்டி முத்துமாரி, என்ன பராக்கு பாத்துக்கிட்டு நிக்க? ஓட்டு லேபிள!"

அவள் நகரவில்லை. "என்னத்தான் வர வேண்டாம்னுட்டீகளே மொதலாளி."

"அது கோவத்துல சொன்னது. நாளைக்கு வா."

"நீங்க வரச் சொல்லலாம். அவுக விடணுமே."

அந்தம்மாவைப் பார்த்தேன். அந்தம்மா ஸ்க்ரூவை முடுக்கிக்கொண்டு, தலையைத் தூக்காமலே கேட்டுச்சு: "அவ வீட்டுக்காரருக்குக் காலைல போன் போட்டது யாரு அண்ணாச்சி?"

"நான்தான்."

அந்தம்மா அடுத்த ஸ்க்ரூவை எடுத்துச்சு.

"அதெல்லாம் பொறவு பேசிக்கிடலாம். லாரி நிக்குது" என்றேன்.

"நீங்க போனப் போடுங்க மொதலாளி, நான் லேபிளப் போடுதேன்" என்றாள் முத்துமாரி. சொல்லிவிட்டு நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். ஆனால் கையை மடியிலேயே வைத்திருந்தாள்.

போட்டேன். தறிச் சத்தம் இல்லாத கூடத்தில் எல்லாருக்கும் கேட்டது. லேபிள் பிரிண்டர் கிர்ரென்று ஓட ஆரம்பித்தது.

"ஏப்பா, நான்தான் பேசுதேன். காலைல சொன்னேன்ல, கம்ப்யூட்டர் போனது. அது உம் பொண்டாட்டி இல்ல. நான்தான் ஏர் அடிச்சு வீணாக்கிட்டேன். அவமேல எந்தத் தப்பும் இல்ல."

அந்தப் பக்கம் ஆட்டோ இஞ்சினை அணைக்கிற சத்தம் கேட்டது.

"அவ சொன்னா மொதலாளி" என்றான் பிறகு. "நீங்க போன வச்சதும் நான் அவளுக்குப் போட்டேன். தொடவே இல்லன்னு அழுதுக்கிட்டே சொன்னா. நீங்க பெரிய மனுசன், நீங்களா பொய் சொல்லப்போறீகன்னு நான்தான் நம்பல. வாய்க்கு வந்தபடி ஏசிப்புட்டேன்." "அவகிட்ட கொடுங்க மொதலாளி" என்றான்.

போனை நீட்டினேன். முத்துமாரி அதைப் பார்த்தாள். பிரிண்டர் சத்தம் நின்றது.

"ரோல் தீந்துபோச்சு" என்று சொல்லி எழுந்துபோய், பிரிண்டர் மூடியைத் தூக்கினாள்.

அந்தம்மா திருப்புளியைக் கொண்டையில் செருகிவிட்டு அவள் பக்கத்தில் போய்ப் புது ரோலின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டுச்சு. ரெண்டு பேரும் என் பக்கம் திரும்பவில்லை. நான் போனை நீட்டியபடியே நின்றேன். அதற்குள்ளிருந்து அவன் ஹலோ, ஹலோ என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தான்.